பேர் வெட்டாத தவலை

5-1-65, செவ்வாய்

மன்னித்துக்கொள் மீனா. மணி பதினொன்றுக்கு மேல். தொட்டிலில் விளக்கு உன் கண்ணில் அடிக்கிறது. பகலில் நீ எழுத விடுவதில்லை, நான் என்ன செய்ய.

பனி. மீ.க்கு இருமல் குறையவில்லை. கற்பூரவல்லிச் சாறு இரண்டு வேளை. நெற்றியில் சூடு இல்லை. (மூன்று தடவை தொட்டுப் பார்த்தாயிற்று.) மலேயாவிலிருந்து அவர் கடிதம் வந்து மூன்று வாரம்.

மாதர் சங்கத்து லாரி தெருவுக்கு வந்தது. தனுஷ்கோடிப் புயலில் வீடு வாசல் போய் முகாமில் இருப்பவர்களுக்கு. மாமியார் எடுத்து வைத்திருந்தது: பழைய வேட்டி ஒரு கட்டு, அலுமினியத் தட்டுகள், அரை மூட்டை அரிசி. தெருவில் மற்றவர்கள் ஏற்றியது: சரிகைத் துண்டு, ஊறுகாய் ஜாடி, காலி பிஸ்கட் டின், ஊட்டிக்குப் போனபோது வாங்கிய கம்பளிக் கோட்டு, ஒற்றைக் கால் செருப்பு. செருப்பு யார் வீட்டிலிருந்து என்று கண்டுபிடிக்க முடியவில்லை.

சங்கத் தலைவி லாரிப் பக்கத்திலேயே நின்று ஒவ்வொரு வீட்டிலிருந்தும் என்ன வருகிறது என்று பார்த்துக்கொண்டிருந்தார். அலுமினியத் தட்டை நீட்ட எனக்குக் கை கூசியது. மாமியார் குளிக்கப் போயிருந்த நேரம். என் சாமான் அறைக்குப் போய்ப் புதுப் பித்தளைத் தவலை ஒன்றைத் தூக்கிவந்து கொடுத்துவிட்டேன். மீ. பிறந்ததற்கு என் பிறந்த வீட்டிலிருந்து அப்பச்சி சீராகக் கொடுத்தது. அடுப்பில் ஏறியதே இல்லை, ஈயம்கூடப் பூசவில்லை. தலைவி, "படிச்ச புள்ளைன்னா இப்பிடி இருக்கணும்" என்றார். இரக்கத்தில் கொடுத்தேனா, அவர் பார்க்கிறார் என்று கொடுத்தேனா? இரண்டும்தான்.

மாமியாரிடம் சொல்லவில்லை. சீர்ச் சாமான் வெளியே போவது இந்த வீட்டில் வழக்கமில்லை. சமயம் பார்த்துச் சொல்ல வேண்டும்.

9-1-65, சனி

மீ.க்குக் கீழ்ப்பல் ஒன்று தட்டுப்படுகிறது. இருமல் தேவலை. வண்ணான் கணக்கில் ஒரு ஜாக்கெட் குறைவு. தவலையைப் பற்றி இன்றும் சொல்லவில்லை. மாமியாருக்கு முழங்கால் வலி, முகம் சரியில்லை.

18-1-65, திங்கள்

காலையில் ஒரு போலீஸ்காரர். கடற்கரைப் பக்கத்து ஸ்டேஷனிலிருந்து. முகப்பில் நின்றுகொண்டே ஒரு துண்டுக் காகிதத்தைப் பார்த்துப் படித்தார்: "மெ.சு., காரைக்குடி. இந்த வெலாசம் ஒங்க வீடுதானே ஆச்சி? பித்தளைத் தவலை ஏதும் காணாமப் போயிருக்கா?"

எங்கள் வீட்டில் எல்லாப் பாத்திரத்திலும் கழுத்தில் வீட்டு விலாசமான அந்த இரண்டு எழுத்தும் ஊர்ப் பேரும் வெட்டியிருக்கும். சீராக வந்த அந்தத் தவலையிலும் வந்த அன்றே வெட்டியாயிற்று. லாரியில் ஏற்றும்போது எனக்கு அது நினைவிலேயே இல்லை.

மாமியார் உள்ளே போய்ப் பார்த்துவிட்டு வந்தார். ஒன்று குறைகிறது, புதுசு, பேத்தி பிறந்ததற்கு வந்தது என்றார். போலீஸ்காரர் எழுதிக்கொண்டார். மாமியார் கையெழுத்துப் போட்டார்.

பிறகுதான் அவர் விஷயத்தைச் சொன்னார்: முகாமில் இருக்கும் ஒரு பெண், ஞானம்மா என்று பேர். தவலையை ஈயம் பூசக் கொண்டுபோயிருக்கிறாள். பூசுகிறவர் எழுத்தைப் பார்த்துவிட்டு, இது செட்டியார் வீட்டுச் சாமான் என்று ஸ்டேஷனில் சொல்லிவிட்டார். நேற்றிலிருந்து அவளை அங்கே உட்கார வைத்திருக்கிறார்களாம். கூட ஒரு பெண் குழந்தை, ஆறு வயது.

"லாரியில குடுத்தாகன்னே சாதிக்கிறா ஆச்சி. புதுப் பித்தளையப் போயி லாரியில யாரு குடுப்பாக?"

மாமியாரும் சிரித்தார்.

நான் தூணுக்குப் பின்னால், கையில் மீ.க்குப் பால் புகட்டும் பாலாடையோடு. நான் கொடுத்தேன் என்று சொல்ல எத்தனை நேரம் ஆகும்? மீ. அழுதாள், தூக்கிக்கொண்டு உள்ளே போய்விட்டேன். அவள் அழாவிட்டாலும் போயிருப்பேன்.

சொல்லாததற்குக் காரணங்கள்:
மாமியார் என் அப்பச்சிக்கு எழுதுவார்.
மலேயாவுக்கு அவருக்கும் எழுதுவார்.
கையெழுத்துப் போட்ட பிறகு மாமியாரைப் பொய்யாக்குவது.
பயம்.
கடைசி ஒன்றே போதும். மற்றதெல்லாம் அதற்குப் போட்ட சட்டை.

19-1-65, செவ்வாய்

மீ. பால் குடிக்கும்போது அந்த ஆறு வயதுக் குழந்தைக்கு ஸ்டேஷனில் என்ன கொடுத்திருப்பார்கள் என்று ஓடிக்கொண்டே இருந்தது.

பத்து மணிக்குச் சொல்லிவிட்டேன். மாமியார் வளவு முற்றத்தில் உட்கார்ந்து வற்றலுக்கு மிளகாய் கிள்ளிக்கொண்டிருந்தார். தலை நிமிரவில்லை. கிள்ளி முடித்து, காம்பையெல்லாம் கூட்டி அள்ளிய பிறகுதான் பேச்சு.

"பி.ஏ. படிச்சிருக்க. மேடையேறிப் பேசிப் பரிசெல்லாம் வாங்கியிருக்கேன்னு ஒங்க ஆத்தா சொன்னாக. நேத்து வாயில கொழுக்கட்டையா வச்சிருந்த?"

மீ.யை அடுத்த தோளுக்கு மாற்றினேன்.

"தவலை போனா மயிரு. என்னையில்ல பொய்க் கையெழுத்துப் போட வச்சிட்ட."

அவர் வாயில் அந்த வார்த்தையை இன்றுதான் கேட்டேன். நாளைக்கு வாடகைக் காருக்குச் சொல்லி அனுப்பியாயிற்று. முழங்கால் வலியோடு அவரும் வருகிறார்.

எடுத்து வைத்தது: மீ.க்குத் துணி எட்டு, வெந்நீர் பிளாஸ்க், கிரைப் வாட்டர், வேலைக்காரர்கள் கைபடாத பிஸ்கட், தைலம்.

20-1-65, புதன்

ஐந்தரைக்குக் கிளம்பியது. போகப் போக ரோட்டோரத்தில் சாய்ந்த பனை, கூரை இல்லாத சுவர். மீ. வழியெல்லாம் தூக்கம். மூச்சு வருகிறதா என்று பார்த்துக்கொண்டே போனேன்.

ஸ்டேஷனில் சப்-இன்ஸ்பெக்டர் நாற்காலி போட்டார். பேசுவதற்கு வழியெல்லாம் மனசுக்குள் வாக்கியம் அமைத்து வைத்திருந்தேன். அதற்குள் மாமியார்:

"நாந்தேன் லாரியில குடுத்தேன். வயசாச்சு, மறந்துபோச்சு. எழுதுனத அடிச்சிருங்க."

"என்ன ஆச்சி, மூணு நாளு வீணாப்போச்சே."

"ஒங்களுக்கு மூணு நாளு வீணாப்போச்சு. அந்தப் புள்ளைக்கு?"

சப்-இன்ஸ்பெக்டர் எழுதியதை அடித்துவிட்டார். நான் பக்கத்தில் நின்றேன். இரண்டாவது தடவையும் வாயைத் திறக்கவில்லை. கணவர் ஊரில் இல்லாத வீட்டுப் பெண் ஸ்டேஷனில் வாக்குமூலம் கொடுக்கக் கூடாது என்பது மாமியார் கணக்கு. எனக்கு அது வசதியாகப் போயிற்று.

ஞானம்மாவை வெளியே விட்டார்கள். என் வயதுதான் இருக்கும். குழந்தை தோளில் தூங்கிக்கொண்டிருந்தது, கால் தொங்கி அவள் முழங்காலுக்கு வந்தது. ஸ்டேஷனில் திருப்பித் தந்த தவலையை வேப்பமரத்தடியில் நீட்டினேன். வாங்கவில்லை.

"நாந்தாம்மா குடுத்தேன். சொல்லப் பயந்துட்டேன்" என்றேன். இதை மட்டும் சொல்லிவிட்டேன்.

அவள் என்னைத் திட்டவில்லை. மீ.யைப் பார்த்தாள். புள்ளைக்குச் சளியா என்று கேட்டாள். பிறகுதான்:

"இது வேணாம்மா. போற எடத்துல எல்லாம் என்னத்தச் சொல்லிக்கிட்டுத் திரிய? எங்க வீட்லயும் பேரு வெட்டுன ஏனம் இருந்துச்சு, எம் மாமியா பேரு. அது கடலுக்குள்ள கெடக்கு. பேரு வெட்டாத சட்டி இருந்தா குடுங்க. மண்சட்டின்னாலும் சரி."

காரில் கொண்டுபோய் விடுகிறோம் என்றதற்கு நடந்தே போய்க்கொள்கிறேன் என்றாள். போனாள்.

திரும்பும்போது தவலை எங்கள் இருவருக்கும் நடுவில். மாமியார் ஒரே ஒரு தடவை பேசினார்: "சோறாச்சும் வாங்கிக் குடுத்திருக்கலாம்." இருவருக்கும் தோன்றவில்லை.

21-1-65, வியாழன்

சாமான் அறை முழுக்கத் தேடினேன். குடம், அண்டா, செம்பு, கரண்டி, எண்ணெய்த் தூக்கு, இடியாப்ப உரல். எல்லாவற்றிலும் மெ.சு. மீ.யின் பாலாடையில்கூட. இத்தனை அறை உள்ள வீட்டில் பேர் வெட்டாத பாத்திரம் ஒன்றுகூட இல்லை.

பாத்திரக் கடைக்குப் போனேன். அதே அளவில் தவலை. ஈயம் பூசித் தரச் சொன்னேன். பேர் வெட்டுகிறவர் உளியை எடுத்து வைத்துக்கொண்டு என்ன விலாசம் என்று கேட்டார். ஒன்றும் வேண்டாம் என்றதும் நிமிர்ந்து பார்த்தார்.

"பேரில்லாம இருந்தா நாளைக்கி யாரும் தூக்கிட்டுப் போயி தன்னதும்பான் ஆச்சி. அப்ப என்ன செய்வீக?"

அதுவும் சரி. புதுப் பித்தளை அவள் கையில் இருந்தால், எழுத்து இல்லாவிட்டாலும், யாருடையது என்று கேட்பார்கள். அவள் பேரையே வெட்டினால் கேட்க முடியாது. ஆனால் அவள் பேர் வேண்டாம் என்றல்லவா சொன்னாள். முதல் தடவை நானாக முடிவு செய்து கொடுத்துத்தான் இத்தனையும். அவளையே கேட்க வேண்டும்; அடுத்த வாரம் வெள்ளிக்கிழமை வரை வெட்டாமல் கடைக்காரர் வைத்திருப்பார்.

மீ.க்கு லேசாகச் சூடு. டாக்டர் பல்தான் என்கிறார்.

22-1-65, வெள்ளி

மீ. தேவலை. அவர் கடிதம் வந்தது, நலம்.

இரண்டு கடிதம் எழுதினேன். முதலாவது ஸ்டேஷனுக்கு: தவலையைக் கொடுத்தது மாமியார் இல்லை, நான், அன்றே சொல்லாதது என் தப்பு, ஞானம்மா சொன்னது முழுக்க உண்மை. மாமியாரிடம் படித்துக் காட்டினேன். கோபிப்பார் என்று நினைத்தேன். "கையெழுத்த நல்லாத் தெரியிற மாதிரிப் போடு" என்றார்.

இரண்டாவதன் நகல்:

ஞானம்மா அவர்களுக்கு. முகாமில் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லும் வாத்தியார் இதைப் படித்துக் காட்டுவார். ஸ்டேஷனுக்கு நான் எழுதிய கடிதத்தின் நகல் ஒன்று இதோடு இருக்கிறது. யாராவது ஏதாவது கேட்டால் காட்டுங்கள். உங்களுக்குத் தவலை வாங்கி ஈயம் பூசி வைத்திருக்கிறேன். பேர் வெட்டவில்லை. வெட்டினால் உங்கள் பேர்தான். முன்னெழுத்து எனக்குத் தெரியாது; உங்கள் அப்பா எழுத்தா, வீட்டுக்காரர் எழுத்தா என்று சொல்லுங்கள். பேரே வேண்டாம், மண்சட்டிதான் வேண்டும் என்றாலும் சரி, அப்படியே செய்கிறேன். குழந்தை எப்படி இருக்கிறாள்? எங்கள் முகவரி எழுதிய கார்டு உள்ளே இருக்கிறது. வாத்தியாரிடம் சொல்லிச் சீக்கிரம் பதில் போடுங்கள்.