மானுக்குக் கடை விரித்த அத்தான்

அடையாறு,
மே 19

கத்தாரில் நலமாக இருக்கும் மருமகன் ஆனந்தகுமாருக்கு, உன் தாய்மாமன் சண்முகசுந்தரம் எழுதுவது. நீயும் அனுப்ரியாவும் சுகம்தானே? இங்கே உன் அப்பா, என் அத்தான், சௌக்கியம். இதை முதலில் படித்துவிட்டு ஒரு வாய் தண்ணீர் குடி.

போனில் பேசினால் இரண்டாவது நிமிடமே “மாமா, அப்புறம் பேசறேன்” என்று வைத்துவிடுகிறாய். கடிதத்தை வைக்க முடியாது பார். அதனால்தான் பேனாவை எடுத்தேன். எட்டாவதோடு நின்றவன் என்றாலும் என் கையெழுத்தைப் பார்த்து ஹெட்மாஸ்டரே எழுந்து நின்றிருக்கிறார்.

தி.நகரில் வெயில் நெருப்பாய்க் கொட்டுகிறதாம். இங்கே கிண்டிக் காட்டு மதிலை ஒட்டிய நம் வீட்டில் நான் மின்விசிறியே போடுவதில்லை. சரி, ஒன்றாம் நம்பரில் வைக்கிறோம். நாலு மணி ஆனால் காட்டுப் பக்கமிருந்து ஒரு காற்று வரும், அதற்கு ஊட்டிக்காரன் டிக்கெட் எடுக்க வேண்டும். அத்தானும் நானும் வாசலில் நாற்காலி போட்டு நுங்கு தின்போம். மாங்காயைக் கீறி மிளகாய்ப்பொடி தூவி வைப்பேன், அத்தான் பல் கூசக் கூசத் தின்பார். தெருக்கோடியில் மதிலோரம் ஒரு காலி மனை இருக்கிறது, முழுக்க வேப்பமரம். அங்கே புள்ளிமான்கள் வந்து நிற்கும். நேற்று முப்பது. கொம்பு ஒவ்வொன்றும் நம் வாசற்கதவு உயரம்.

இப்போது வியாழக்கிழமை விஷயம். அப்பா காணாமல் போனார் என்று உனக்கு யாரோ சொல்லி, நீ அவரை ஜூன் பத்தாம் தேதியே முதியோர் இல்லத்துக்கு அனுப்ப ஏற்பாடு செய்துவிட்டதாகக் கேள்விப்பட்டேன். காணாமல் போனது உண்மை. ஐந்தே நிமிடத்தில் கண்டுபிடித்துவிட்டேன்.

ஐந்து நிமிடம் இல்லை. மூன்று மணி நேரம். கண்டுபிடித்ததும் நான் இல்லை. உன்னிடம் எதற்குப் பொய்?

சாப்பிட்டுவிட்டுக் கண்ணை மூடினேன், அவ்வளவுதான். விழித்தால் கட்டில் காலி. நாற்பது வருடம் ரங்கநாதன் தெருவில் துணிக்கடை வாசலில் நின்ற மனிதர் வேறெங்கே போவார்? ஆட்டோ பிடித்து நேரே அங்கே ஓடினேன். நான் கல்லாவில் உட்கார்ந்த நம் கடை இருந்த இடத்தில் இப்போது செல்போன் உறை விற்கிறார்கள். தெரு முழுக்க விசாரித்தேன். போனை வீட்டிலேயே மறந்து வைத்திருந்தேன். திரும்பி வரும்போது ஆட்டோவில் அழுதேன். இதை யாரிடமும் சொல்லாதே.

வாசலில் அடுத்த வீட்டு ஜமீலுன்னிசா நின்றிருந்தது. “எங்க அண்ணே சுத்திக்கினு வர்றீங்க? உங்க அத்தான் அங்க மானுக்குக் கடை போட்டாரு!” என்று சிரித்தது. இரண்டு வீட்டுக்கும் பொதுவான கொடியில் காய்ந்த துணியை எடுக்க வந்ததாம். ஒன்றுகூட இல்லை. அது தேடிக்கொண்டு காலி மனைக்குப் போனால், அதன் புடவைகள், என் வேட்டிகள், போர்வைகள் எல்லாம் கடை மடிப்பாக மடித்து வேப்பங்கிளைகளில் வரிசையாகத் தொங்குகின்றன. நடுவில் அத்தான் மான்களைப் பார்த்துக் கும்பிட்டபடி, “வாங்கம்மா, உள்ள வாங்க, பாக்குறதுக்குக் காசு இல்ல!” என்கிறாராம். ஒரு மான் என் வேட்டியைக் கடித்து இழுக்கிறதாம். “இழுக்காதீங்கம்மா, கெட்டிச் சாயம், போகவே போகாது” என்று அதற்குச் சமாதானம். வெள்ளை வேட்டிக்கு என்ன சாயம்?

“வீட்டுக்கு வாங்க” என்று ஜமீலுன்னிசா கூப்பிட்டால், வியாபார நேரத்தில் வரமுடியாது என்றுவிட்டாராம். அந்தப் பெண்ணுக்கு என்ன புத்தி பார். தன் புடவையையே தொட்டுக் காட்டி, “இந்தப் பூப்போட்டதைக் கொஞ்சம் வீட்டாண்ட கொண்டாந்து காட்டுங்கண்ணே, எங்க அம்மா பாக்கணும்” என்றதாம். அத்தான் அத்தனையையும் மூட்டை கட்டித் தோளில் போட்டுக்கொண்டு பின்னாலேயே வந்துவிட்டார்.

நான் போனபோது அதன் வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்து புடவை விரித்துக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும், “ஏலே சண்முகம், கல்லாவ விட்டுட்டு எங்கல போன?” என்று ஒரு அதட்டல். மருமகனே, பொங்கலுக்குக் கடையை ஒரேயடியாக மூடிய நாளிலிருந்து அவர் வாயைத் திறந்து நாம் ஒரு சொல் கேட்டோமா? டாக்டர்கள் எத்தனை பேரைப் பார்த்தோம்! திட்டு வாங்கி இவ்வளவு சந்தோஷப்பட்டவன் சென்னையிலேயே நான் ஒருவன்தான்.

இப்போது தினமும் சாயங்காலம் கடை திறக்கிறோம். ஜமீலுன்னிசா பழைய போர்வைகள் கொடுத்திருக்கிறது. நான் கூடவே இருக்கிறேன், மதியம் தூங்குவதை விட்டுவிட்டேன். வெளிக்கதவுக்குப் பூட்டும் மணியும் போட்டாயிற்று. ராத்திரி இரண்டு பேரும் ஒரே தட்டு அப்பளத்துக்குச் சண்டை போடுகிறோம். உன் அத்தை போனபிறகு இந்த வீட்டில் அப்பளம் பொரித்ததே இல்லை.

அந்த இல்லத்துக்காரர்களுக்குப் போன் செய்து வேண்டாம் என்று சொல்லிவிடு. நம்பிக்கை இல்லையென்றால் நீயே ஒருமுறை வந்து பார். பார்த்த பிறகும் கூட்டிப்போகத்தான் வேண்டும் என்றால் நான் தடுக்கமாட்டேன், அவர் உன் அப்பா. ஒன்று மட்டும் கேட்டு வை: அந்த அறையில் இரண்டு கட்டில் போட இடம் இருக்குமா?

நீயும் அனுப்ரியாவும் குறைவில்லாமல் இருக்க வேண்டும்.

உன் மாமன்,
சண்முகசுந்தரம்