சூடு என்றே சொன்னேன்

பிப்ரவரி 11

மிளகாய் யார்டில் மூட்டை பிரித்து மாதிரி எடுத்தே மூக்கு வெந்துவிட்டது. காலையில் கக்கூசில் மறுபடி ரத்தம். சூடுதான். குண்டூர் மிளகாய்ச் சந்தையில் முப்பது வருஷம் தும்மியவனுக்கு உள்ளே வேறென்ன ஓடும்? கூட வேலை செய்யும் நாகபூஷணம் மோர் வாங்கிக் கொடுத்தான். இங்கே எவனுக்கு எது எரிந்தாலும் பேர் சூடு, மருந்து மோர்.

பிப்ரவரி 27

ஹைதராபாத்திலிருந்து ஸ்ரவந்தி போன் செய்தாள். மகள் நர்சாக இருந்தால் இதுதான் தொல்லை. அவள் அம்மா உளறியிருக்கிறாள்.

"ரத்தம் மலத்தோட கலந்து வருதா, தனியா சொட்டுதா?"

பெற்ற மகளிடம் இதையெல்லாமா பேசுவது? "சூடும்மா. சிவப்பு சிக்னல் விழுந்திருக்கு, வண்டி லேட்டு" என்றேன். அவள் சிரிக்கவில்லை.

"அப்பா, அந்த இடத்துக்குப் பேர் இருக்கு. பேரைச் சொல்லு."

போனை அவள் அம்மாவிடம் நீட்டிவிட்டேன்.

ஏப்ரல் 9

மகள் சண்டை போட்டு ஆஸ்பத்திரிக்கு அனுப்பினாள். டாக்டரம்மாவுக்கு அவள் வயசுதான் இருக்கும். என்ன செய்கிறது என்றாள். சூடு என்றேன். எங்கே என்றாள். வயிற்றுப் பக்கம் என்றேன். ரத்தம் போகிறதா என்றும் கேட்டாள். கதவு திறந்தே கிடக்க, வரிசையில் யார்டு ஆட்கள் இரண்டு பேர். தலையை எப்படி ஆட்டினேனோ, இல்லை என்று எழுதிக்கொண்டாள். வாயுவுக்கு மாத்திரை. ஸ்ரவந்தியிடம், "பாத்தாச்சு, ஒண்ணுமில்லையாம்" என்றேன்.

ஜூன் 2

லுங்கி இரண்டு சுற்று கூடுதலாக வருகிறது. இளவட்டம் மாதிரி ஆகிவிட்டேனாம், நாகபூஷணம் சொல்கிறான்.

ஆகஸ்ட் 20

ஸ்ரவந்தி லீவு போட்டு வந்து இழுத்துக்கொண்டு போனாள். பெரிய டாக்டர் உறை மாட்டி விரல் விட்டுப் பார்த்தார். ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை. கட்டி விரலுக்கு எட்டும் தூரத்திலேயே இருந்திருக்கிறது. "பிப்ரவரியிலயே வந்திருந்தா..." என்றவர் மகளைப் பார்த்து நிறுத்திக்கொண்டார். அவள் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

மலக்குடல். புற்றுநோய். எழுத வருகிறதே — சொல்ல ஏன்டா வரல? சந்தையவே சிரிக்க வெச்ச வாய்தானே? அப்படி என்ன பெரிய மானம்? டாக்டரம்மா கேட்டாளே. வாய் திறந்துதானே கேட்டா.

ஆகஸ்ட் 21

பெண்டாட்டி கோட்டேஸ்வரம்மா சமைக்கவில்லை. நானும் கேட்கவில்லை.

அக்டோபர் 14

ஸ்ரவந்தி வேலைக்குத் திரும்பி ஒரு வாரம். சாயங்காலம் போன் வந்தது. அவள் கேட்கும் முன்பே நானே ஆரம்பித்தேன். யார்டில் எடை வாசிப்பதுபோல வரிசையாக வந்தது.

"மலக்குடல்ல இருந்தது கல்லீரலுக்குப் போயிடுச்சும்மா, நாலு இடத்துல. வலது விலாவுக்குக் கீழ வலி. இன்னிக்கு ரெண்டு தடவை மலம் போச்சு, ரத்தம் கலந்து. ஆசனவாய் எரியுது."

ஓரிடத்தில்கூட நான் தடுமாறவில்லை. முடித்த பிறகும் அவள் போனை வைக்காமல் காத்துக்கொண்டிருந்தாள். இதற்குப் பின்னால் வழக்கம்போல ஒரு வேடிக்கை சொல்வேன் என்றுதான்.

தேடினேன். வரவில்லை.