லட்சத்தில் இன்னொருவர்

ஜனவரி 9, செவ்வாய்

மகள் பள்ளிக்குப் போகாமல் இன்றோடு ஐந்து நாள். ஓட்டப் பந்தயத்தில் விசில் ஊதியதும் மற்றப் பிள்ளைகள் பறந்திருக்கிறார்கள். இவள் கால் இறுகி, வெட்டிய மரம் போலச் சாய்ந்திருக்கிறாள். "நடிப்புக்குப் பரிசு வெச்சா நீதான் முதல்" என்றாராம் விளையாட்டு ஆசிரியர்.

அவளுக்கு இருப்பது தசை இறுகும் நோய். சும்மா இருந்துவிட்டு அசைந்தால் தசை உடனே இளகாது. நாலைந்து தடவை அசைத்தால் வழிக்கு வரும். பிறவியிலேயே வந்தது. அதன் முழுப் பெயர் என் வாயில் நுழையாது, பத்தாவதோடு படிப்பு என்னைப் பார்த்துக் கும்பிடு போட்டுவிட்டது. லட்சத்தில் ஒருத்தருக்கு வரும் என்றார் டாக்டர்.

"அப்ப இந்த ஊர்லயே இன்னும் நாலஞ்சு பேர் இருக்கணும்ல? ஒரே ஒருத்தரைக் காட்டுப்பா. நான் ஸ்கூலுக்குப் போறேன்" என்கிறாள்.

என்னிடம் இருப்பது ஒரு சலூன், ஒரு நாற்காலி, ஓயாத ஒரு வாய். பார்ப்போம்.

ஜனவரி 10, புதன்

கடைக் கண்ணாடியில் நோட்டீஸ் ஒட்டினேன்: 'என் மகளுக்கு அரிய நோய். இதுபோல் வேறு யாரையாவது தெரியுமா?' கழுத்தில் துணியைக் கட்டிவிட்டால் எப்பேர்ப்பட்ட மனிதனும் இருபது நிமிடத்துக்கு என் கைதி. பதினோரு தலை, பதினோரு சொற்பொழிவு.

ஜனவரி 13, சனி

விளக்குகிற ஆர்வத்தில் பேங்க் மேனேஜருக்கு ஒரு பக்கக் கிருதாவை வழித்துவிட்டேன். அதற்குச் சமமாக மறுபக்கம். அதற்குச் சமமாக மேலே. மொட்டைக்கு ஒரு விரற்கடைதான் பாக்கி. மனிதர் கண்ணாடியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "நோய் என்னன்னு நல்லாப் புரிஞ்சுதுப்பா. கண்ணாடில இருக்கறது யாருன்னுதான் புரியல."

வீட்டில் சொன்னேன். மனைவி சிரிக்கவில்லை. "வர்றவங்க முடி வெட்டிக்க வர்றாங்களா, உங்க பிரசங்கம் கேக்க வர்றாங்களா?"

ஜனவரி 16, செவ்வாய்

மகள் கடைக்கு வந்தாள். நோட்டீஸைப் படித்தாள்.

"இது யாரோட உடம்புப்பா?"

"உன்னோடதும்மா."

"அப்ப என்கிட்ட கேட்டியா?"

கிழித்துவிட்டேன். ஊர்ல இருக்கற தலைகிட்ட எல்லாம் சொன்னேனே, அவகிட்ட ஒரு வார்த்தை கேட்டேனா? மடையன். அவளுக்கு ஆள் தேடறேன்னு அவளையே மறந்தவன்.

ஜனவரி 17, புதன்

வாயைத் திறக்கவில்லை. மூன்று பேர் எனக்கு உடம்பு சரியில்லையா என்று விசாரித்தார்கள்.

ஜனவரி 19, வெள்ளி

காலையில் ஒரு தாளை நீட்டினாள். "ஒட்டறதுன்னா இதை ஒட்டு. உன்னோடது இரங்கல் செய்தி மாதிரி இருந்துச்சு."

அப்படியே எழுதி வைக்கிறேன்:

'கையை இறுக்கி மூடுங்கள். உடனே திறக்க முடிந்தால் சந்தோஷம். என்னால் முடியாது, என் தசைகள் நிதானமானவை. நான் நடிக்கவில்லை. நான் விழுந்தால் முதலில் தூக்கிவிடுங்கள், பிறகு சிரிக்கலாம், நானும் சேர்ந்துகொள்வேன். உங்களுக்கும் இப்படி இருந்தால் கடைக்காரரிடம் சொல்லுங்கள். அவர் என் அப்பா. நிறையப் பேசுவார், பொறுத்துக்கொள்ளுங்கள்.'

நாற்காலியில் உட்காருகிறவர்கள் எல்லாம் இதைப் படித்துவிட்டுத் துணிக்கடியில் கையை மூடி மூடித் திறக்கிறார்கள். இத்தனை நாள் என் தொண்டை கிழிந்தது தண்டம்.

பிப்ரவரி 3, சனி

நிதானமாக எழுத வேண்டும். முடியவில்லை.

புது ஆள், நாற்பது வயதிருக்கும், எலக்ட்ரீஷியன். அவசரமாக வந்து உட்கார்ந்தார். தலையில் தண்ணீர் அடித்தேன், முகத்தில் தெறித்தது, கண்ணை இறுக்கிக்கொண்டார். சீப்பை எடுத்துவிட்டுப் பார்க்கிறேன், கண் இன்னும் மூடியே இருக்கிறது. இமை துடிக்கிறது, திறக்கவில்லை. என் மகள் முகம் கழுவும்போது தினமும் பார்க்கிற அதே இமை! சீப்பு கீழே விழுந்துவிட்டது.

"தம்பி, கையை இறுக்கி மூடித் திறங்க."

மூடினார். விரல்கள் ஒவ்வொன்றாக, மனசில்லாமல் பிரிந்தன.

"சின்ன வயசுல இருந்தே இப்படித்தாண்ணே. கொறடைப் பிடிச்சா கை விடாது. கரெண்ட் அடிச்சிடுச்சுன்னு சொல்லிச் சமாளிச்சிடுவேன். எலக்ட்ரீஷியன் சொன்னா யாரு சந்தேகப்படப் போறா? வீட்டுல எனக்குச் சோம்பேறின்னே பேரு."

தாளைக் காட்டினேன். ஒரு முறை படித்தார். மறுபடி படித்தார்.

"அண்ணே... இதுக்குப் பேரு சோம்பேறித்தனம் இல்லையா?"

ஈரத் தலையோடு அவரைக் கட்டிக்கொண்டேன். காத்திருந்த இரண்டு பேரும் ஏன் என்று தெரியாமலே கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள்.

பிப்ரவரி 4, ஞாயிறு

எலக்ட்ரீஷியன் வீட்டுக்கு வந்தார். மகள் கை நீட்டினாள், அவரும் நீட்டினார். பிடித்த கை பிடித்தபடி மாட்டிக்கொண்டது!

"விடுங்க மாமா."

"நீ முதல்ல விடு பாப்பா. எனக்கு நாப்பது வருஷப் பழக்கம், நேரமாகும்."

சிரிக்கச் சிரிக்க இன்னும் இறுகிற்று. மனைவி காபியோடு நின்றுகொண்டே இருந்தாள், யார் கையில் கொடுப்பது?

பிப்ரவரி 5, திங்கள்

பள்ளிக்குப் போனாள்.

பிப்ரவரி 13, செவ்வாய்

எலக்ட்ரீஷியனுக்கும் அதே நோய்தான் என்று டாக்டர் உறுதியாகச் சொல்லிவிட்டார். எந்த ஆபரேஷனாக இருந்தாலும் மயக்க மருந்துக்கு முன்னால் இதைச் சொல்ல வேண்டுமாம், ஏணியில் ஏறுமுன் கை காலை நன்றாக அசைக்க வேண்டுமாம். மனிதர் பரீட்சையில் தேறியவர் போல எல்லோருக்கும் போன் போட்டுக்கொண்டிருக்கிறார். முதல் போன் அவர் அம்மாவுக்கு.

பிப்ரவரி 29, வியாழன்

அரிய நோய்களுக்கான நாள். பள்ளியின் காலைக் கூட்டத்தில் இரண்டு பேரும் மேடை ஏறினார்கள். அறுநூறு பிள்ளைகளும் கையை மூடித் திறந்தார்கள். இவர்கள் இருவருடைய கையும் கடைசியாகத் திறந்தபோது எழுந்த கைதட்டலில் கூரை போயிருக்கும். விளையாட்டு ஆசிரியர் மைக்கிலேயே மன்னிப்புக் கேட்டார். மகள் என்ன சொன்னாள்? "பரவால்ல சார், அந்த நடிப்புப் பரிசை மட்டும் குடுத்துடுங்க."

என்னையும் இரண்டு வார்த்தை பேசச் சொன்னார்கள். இன்றைக்குப் பார்த்து ஒரு வார்த்தைகூட வரவில்லை. கும்பிட்டுவிட்டு இறங்கினேன்.

மார்ச் 17, ஞாயிறு

வெளியூரில் ஆறு வயதுப் பெண் குழந்தை ஒன்றுக்கு இதே நோய் என்று போன வாரம்தான் தெரிந்ததாம். மகளைக் கேட்டுவிட்டு டாக்டரிடம் எங்கள் எண்ணைக் கொடுத்திருந்தேன். இன்று அந்தத் தாய் பேசினார். எடுத்ததும் அழுகை. நானும் சேர்ந்து மூக்கை உறிஞ்சினேன்.

"குடுப்பா. நீ அவங்களை இன்னும் அழ வெச்சிடுவ." போனைப் பிடுங்கிக்கொண்டாள். "ஆன்ட்டி, பாப்பா பக்கத்துல இருக்காளா? அவகிட்ட குடுங்க... ஹலோ! நீ இதுவரைக்கும் எத்தனை தடவ விழுந்திருக்க? ...அவ்வளவுதானா? நான் எண்ணுறதையே விட்டுட்டேன்!"

பிறகு கையால் போனைப் பொத்திக்கொண்டு, "அப்பா, கதவைச் சாத்திட்டுப் போ" என்றாள்.

சாத்திவிட்டு வந்தேன். ஒரு மணி நேரமாக உள்ளே சிரிப்பு.