மாமி வார்த்த தண்ணீர்

10.03.1996 ஞாயிறு

பின்னேரம் சனசமூக நிலையத்தில் கூட்டம். டவுனிலிருந்து பேச வந்த ஒரு அம்மா, புருசனைப் பறிகொடுத்த பெண்களைப் பற்றி நன்றாகப் பேசினா. நல்ல காரியங்களில் அவர்களை ஒதுக்கிவைப்பதைச் சமூகம் நிறுத்த வேண்டும் என்றா. எல்லோரும் கைதட்டினோம். பின்வரிசையில் இருந்த வவுணதீவுப் பெண் ஒருத்தி எழும்பி, "சமூகம் சமூகம் எண்டுறீங்க, அவர் எங்க இரிக்கார்? நான் போய்க் கதைக்கிறன்" என்றாள். சிரிப்போடு கூட்டம் முடிந்துவிட்டது. தேத்தண்ணியும் பிஸ்கற்றும் தந்தார்கள்.

14.03 வியாழன்

மகள் யசோதினி பெரியபிள்ளையாகிவிட்டாள்! செய்தி வந்ததும் கூட்டுறவுச் சங்கக்கடைச் சாவியைக் கிளார்க்கிடம் கொடுத்துவிட்டு சைக்கிளில் பறந்தேன். வழியில் முட்டையும் நல்லெண்ணெயும் வாங்கினேன். என் மனைவி அன்னப்பூரணி அழுகிறா, உடனே சிரிக்கிறா. பிள்ளைக்கு என்னைப் பார்க்க வெட்கம். எனக்கும்தான்.

அன்னப்பூரணியின் அக்கா ஆச்சிப்பிள்ளை வந்து, சடங்கை இந்த மாதம் முப்பத்தோராம் திகதி வைப்போம் என்றா. தண்ணீர் வார்க்கிற உரிமை மாமிக்கு. பிள்ளைக்கு இருப்பது ஒரே மாமி: என் தங்கச்சி இலட்சுமிப்பிள்ளை. அவளுடைய புருசன் அருமைநாயகம் தொண்ணூறில், சண்டை தொடங்கிய நேரம், வயல் வட்டையில் நெல் பார்க்கவென்று வாவிக்கு அங்கால் போனவன்தான், திரும்பவில்லை. உடலும் இல்லை, செய்தியும் இல்லை.

"மாமி முறைக்கு வேற ஆரையும் பாப்பம்" என்றா அக்கா, உப்பில்லை என்று சொல்வதுபோல.

நான் குசினி வாசலில் நின்று முட்டைகளை எண்ணிக்கொண்டிருந்தேன்.

15.03

நேற்று ஏன் வாய் திறக்கவில்லை? அந்த வவுணதீவுப் பெண் தேடிய ஆள் எங்கள் குசினி வாசலில்தான் நின்றார். என் சாரத்தைக் கட்டிக்கொண்டு.

17.03 ஞாயிறு

அன்னப்பூரணியிடம் சொல்லிவிட்டேன், தங்கச்சிதான் வார்க்க வேண்டுமென்று.

"மச்சாளில எனக்கென்ன கோவம்? எனக்குப் பயம். இரிக்கிறது ஒரு பிள்ளை. நாளைக்கு அவளுக்கு ஒண்டு நடந்தா?"

பயம் என்று சொல்கிறவளோடு என்ன வாதாடுவது? தோண்டிப் பார்த்தால் எனக்குள்ளும் அது கிடக்கிறது. கிடக்கட்டும். பயத்தை வைத்துக்கொண்டே ஒரு காரியத்தைச் செய்ய முடியாதா என்ன?

19.03 செவ்வாய்

வெற்றிலைத் தட்டோடு தங்கச்சி வீட்டுக்குப் போனேன். முற்றம் கூட்டிக்கொண்டு நின்றாள். நெற்றியில் வழமைபோல் பொட்டு. தட்டைக் கண்டதும் முகம் மாறிவிட்டது.

"கொண்டு போங்க அண்ணே. பிள்ளைக்குக் காய்ச்சல் வந்தாலும் என்ர கையத்தான் சொல்லுவாங்க. நான் பின்னுக்கு நிண்டு பலகாரம் சுட்டுத் தாறன்."

"பலகாரம் சுட ஆள் இரிக்கு. மாமிதான் இல்ல."

அவள் திரும்பவும் முற்றம் கூட்டத் தொடங்கினாள். தட்டை அவளுடைய மேசையில் வைத்துவிட்டு வந்தேன்.

20.03

ஆச்சிப்பிள்ளை அக்கா ஒரு வழி கண்டுபிடித்துக்கொண்டு வந்தா. "அருமைநாயகம் செத்ததை ஆர் கண்ட? இன்னும் பொட்டு வைக்கிறாள்தானே. சுமங்கலி எண்டு எல்லாருக்கும் சொல்லிப்போட்டு வார்க்கச் சொல்லுவம்."

உண்மையைச் சொன்னால், ஒரு கணம் மனம் அதில் சாய்ந்தது. எவ்வளவு லேசான வழி! ஆனால் நாளைக்கு அவன் இல்லை என்று செய்தி வந்தால்? அன்றைக்கு அவளைப் பந்தலிலிருந்து எழும்பிப் போகச் சொல்வோமா?

"அவன் வந்தாலும் மாமிதான், வராட்டியும் மாமிதான் அக்கா" என்றேன்.

"அப்ப நான் வரல்ல."

போய்விட்டா. மனம் சரியில்லை. இந்த வீட்டுக்கு எத்தனையோ செய்த மனிசி.

23.03 சனி

இன்று காலை அன்னப்பூரணி சீலை மாற்றிக்கொண்டு வெளிக்கிட்டா. "நீங்க வர வேணாம்" என்றா. மத்தியானம்தான் திரும்பி வந்தா. முகம் அழுததுபோல இருந்தது, ஆனால் தெளிவாக இருந்தது. நடந்ததை அவவே சொன்னா. தங்கச்சி இன்றைக்கும் மாட்டேன் என்றுதான் நின்றிருக்கிறாள்.

"நான் கேட்டன், தொண்ணூறில அகதி முகாமுக்கு ஓடக்குள்ள, காய்ச்சலோட கிடந்த பிள்ளையத் தோளில போட்டுக்கொண்டு ஓடின ஆர்? உங்கட அவர் காணாமப் போய் ரெண்டு கிழமைகூட இல்ல. அண்டைக்கு உங்கட கைராசிய நான் பாத்தனா மச்சாள்?"

"மறுகா என்ன நடந்த?" என்றேன்.

"மறுகா, பிள்ளைக்கு என்ன நிறத்தில சீலை எண்டு கேட்டா."

31.03 ஞாயிறு

நல்லபடியாக முடிந்தது. கை களைத்துவிட்டது, ஆனாலும் எழுத வேண்டும்.

படம் எடுக்கிறவர் பாலத்து ஆமிச் சோதனையில் மாட்டிக்கொண்டார். நேரம் போகிறதென்று அவர் இல்லாமலே தொடங்கினோம். பந்தலில் சில கதிரைகள் சும்மா கிடந்தன. அக்கா வரவில்லை. வந்த பெண்கள் சிலர் ஒருவரையொருவர் பார்த்தார்கள். தங்கச்சி குடத்தைத் தூக்கியபோது அது சரிந்து, பாதித் தண்ணீர் அவளுடைய சீலையிலேயே கொட்டியது. "மெல்ல மாமி, குளிருது" என்று பிள்ளை கத்தினாள். முன்னுக்கு நின்ற ஒருத்தி சிரித்தாள், பிறகு எல்லோரும் சிரித்தார்கள்.

சடங்கு முடிந்து தலை துவட்டும்போது படக்காரர் வேர்த்து விறுவிறுத்து வந்து நின்றார். யசோதினி விடுவாளா? "படமில்லாமச் சரிவராது. இன்னொரு குடம் வாருங்க மாமி!" இரண்டாம் குடத்தில் ஒரு சொட்டும் தங்கச்சியின் சீலையில் சிந்தவில்லை. படத்துக்காகச் சிரிக்கச் சொன்னார்கள். சிரித்தாள்.

மீந்த சோற்றை அயலுக்கெல்லாம் கொடுத்துவிட்டோம்.

02.04

பிள்ளைக்குத் தடிமன், ஓயாத தும்மல். நானும் அன்னப்பூரணியும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தோம். "ரெண்டு குடம் வாத்தாத் தடிமன் வராம என்ன செய்யும்?" என்று சொல்லிவிட்டு மல்லித்தண்ணி அவிக்கப் போனா.

14.04 ஞாயிறு

வருசப் பிறப்பு. பலகாரம் எடுத்துக்கொண்டு ஆச்சிப்பிள்ளை அக்கா வீட்டுக்குப் போனோம். அக்கா வாங்கிக்கொண்டா. சடங்கைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. யசோதினியைக் கிட்டக் கூப்பிட்டு நெற்றியைத் தொட்டுப் பார்த்தா. தேத்தண்ணி தந்தா. இப்போதைக்கு இது போதும்.

16.05 வியாழன்

நல்ல இறால் கிடைத்தது. மத்தியானம் சாப்பிட வரச்சொல்லித் தங்கச்சி வீட்டுக்குப் போனால், அவள் தலை முழுகி, புதுச் சீலை கட்டிக்கொண்டு வாசலில் நிற்கிறாள்.

"இண்டைக்கு ஏலாது அண்ணே. கடற்கரைப் பக்கம் கண்ணகை, நம்மட சடங்குக்கு வந்தவள், எரிஞ்ச வீட்டத் திருத்திக் குடிபோறாள். பால் காய்ச்ச நான்தான் வரோணுமாம், நேற்று வந்து கூப்பிட்டவள். ஞாயிற்றுக்கிழமையும் ஒரு இடம் இரிக்கு."

நேரமாகிறது என்று என்னை முற்றத்திலேயே விட்டுவிட்டுப் போய்விட்டாள். இறாலை நாங்கள் மூன்று பேரும் சாப்பிட்டோம்.