புள்ளி அச்சுக்கு ஒரு பழைய கம்ப்யூட்டர்

மார்ச் 3, செவ்வாய்

வரலாற்று வினாத்தாளைப் பாதி தட்டியிருந்தேன். மூன்று மணிக்குக் கம்ப்யூட்டர் ஒரு முறை கிர்ரென்றது. திரை கருத்துவிட்டது. புள்ளி குத்தும் பிரெயில் அச்சு இயந்திரம் பாதித் தாளைக் கவ்வியபடி நிற்கிறது. பரீட்சைக்குப் பதின்மூன்று நாள்தான்.

மார்ச் 4, புதன்

பழுது பார்ப்பவர் மூடியைத் திறந்ததும் சிரித்தார். "மதர்போர்டு போச்சும்மா. புது கம்ப்யூட்டர் வாங்குனாலும் உங்க அச்சு மெஷினை இணைக்கிற கார்டைச் செருக அதுல இடமே இருக்காது."

பள்ளி நிர்வாகி அங்கேயே முடிவு செய்துவிட்டார். பார்வையில்லாத பிள்ளைகள் பதினொரு பேருக்கும் யாராவது கேள்வியை வாசித்துக் காட்டுவார்களாம். "கேட்டு எழுதட்டுமே, என்ன குறைஞ்சுடும்?"

உங்க பையன் கையிலேர்ந்து கேள்வித்தாளைப் பிடுங்கிட்டு இப்படிச் சொல்வீங்களா? — நாக்கு நுனி வரை வந்தது. ஏன் கேட்கவில்லை நான்?

மார்ச் 5, வியாழன்

மெய்ப்பு பார்க்கும் அக்காவிடம் சொன்னேன். பிறவியிலேயே பார்வை இல்லாதவர். நான் அடிப்பதை விரலால் படித்துப் பிழை பிடிப்பவர்.

"எனக்கும் ஒருத்தர் வாசிச்சாரு. கேள்விக்குக் கேள்வி கொட்டாவி. எது கேள்வி, எது கொட்டாவின்னு பிரிக்கவே பாதி நேரம் போச்சு" என்று சிரித்தார். பிறகு சிரிக்காமல், "நீ விட்டுடுவியா?"

மாட்டேன்.

மார்ச் 7, சனி

கார்டைப் பையில் போட்டுக்கொண்டு, பழைய கம்ப்யூட்டர்களை உடைத்து விற்கும் கடைக்குப் போனேன். ஒவ்வொரு மதர்போர்டாகச் செருகிப் பார்த்தேன். பதினேழாவதில் கச்சிதமாக உட்கார்ந்தது. அதையே வாங்கினேன்.

"கார்டு உட்கார்ந்துட்டா ஆச்சா? மத்த பாகமெல்லாம் வேற வேறம்மா, ஒண்ணோட ஒண்ணு ஒத்துப்போகாது" என்றார் கடைக்காரர்.

ஒத்துப்போக வைக்கிறேன்.

மார்ச் 9, திங்கள்

எங்கள் கம்ப்யூட்டரிலிருந்து கழற்றிய மெமரிப் பட்டை நீளம். இந்தப் போர்டின் பள்ளம் குட்டை. மறுபடி கடைக்கு ஓடி, ஒரே மாதிரி நாலு குட்டை மெமரி வாங்கி வந்தேன். அடுத்து, மின்சாரப் பெட்டியிலிருந்து வரும் இரண்டு பிளக். "கருப்புக் கம்பியும் கருப்புக் கம்பியும் நடுவுல ஒட்டி இருக்கணும். இடம் மாறுச்சு, எல்லாம் புகைதான்" என்று கடைக்காரர் எச்சரித்திருந்தார். மூன்று முறை சரிபார்த்தேன். ஸ்விட்சைப் போட்டேன்.

புகை வரவில்லை!

மார்ச் 10, செவ்வாய்

ஹார்டு டிஸ்க்கை இந்தப் போர்டு கண்டுகொள்ளவே இல்லை. அவ்வளவு பெரிய டிஸ்க் இந்தப் பழைய போர்டுக்குப் புரியாதாம்.

நிர்வாகி எட்டிப் பார்த்தார். "இன்னும் இந்தக் குப்பையோட மாரடிக்கிறீங்களா? வாசிக்க ஆள் சொல்லியாச்சு."

"சொல்லிக்கோங்க சார். பரீட்சை வரைக்கும் நான் இந்த மேசையை விட்டு நகர மாட்டேன்."

நானா பேசினேன்!

மார்ச் 12, வியாழன்

ஹார்டு டிஸ்க்கே வேண்டாம், போ. அச்சு இயந்திரத்தோடு வந்த, அதன் மென்பொருள் உள்ள பிளாப்பி டிஸ்க் பீரோவில் கிடந்தது. அதை வைத்தே கம்ப்யூட்டரைக் கிளப்பினேன். வினாத்தாளை முதலிலிருந்து தட்டினேன். மதியம் இரண்டு இருபதுக்கு இயந்திரம் டகடகவென்று குத்த ஆரம்பித்தது.

அக்கா தாளில் விரலை ஓட்டினார். "முதல் கேள்வியே இவ்வளவு கஷ்டமா? பாவம்டி பிள்ளைங்க."

அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தன.

மார்ச் 13, வெள்ளி

வினாத்தாளின் பதினொரு படிகளும் தயார். வாசிக்க வரவிருந்தவரிடம் வேண்டாம் என்று நானே போனில் சொல்லிவிட்டேன். நிர்வாகியைக் கேட்கவில்லை.

மார்ச் 16, திங்கள்

பரீட்சை அறை வாசலில் நானும் நின்றேன், நிர்வாகியும் நின்றார். உள்ளே சத்தமே இல்லை. காகிதத்தில் விரல்கள் உரசுவது மட்டும் கேட்டது.

கடைசி வரிசைப் பெண் கையைத் தூக்கினாள். "சார், பதினாலாவது கேள்வியில ஒரு புள்ளி விழல. வருஷம் தப்பா வருது."

அவளுக்குப் போன கடைசிப் படியை மட்டும் அவசரத்தில் அக்காவிடம் காட்டாமல் விட்டிருந்தேன்.

நிர்வாகி உள்ளே போய்த் தாளை வாங்கிக் கண்ணருகே கொண்டுபோனார். திருப்பிப் பார்த்தார். வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். பிறகு அவள் மேசையிலேயே வைத்தார்.

"எனக்குத் தெரியலம்மா. நீயே படிச்சுச் சொல்லு."

அவள் படித்தாள். அவர் குனிந்து நின்று கேட்டார்.