அமெரிக்காவைப் பற்றி அக்கம்பக்கத்தில் விசாரித்தது

ஸ்ரீரங்கம்,
ஞாயிற்றுக்கிழமை

அன்புள்ள பாப்பா இளவேனிலுக்கு,

சித்தப்பா எழுதுவது. சித்தியின் வலது முழங்காலைத் தவிர இங்கே எல்லோரும் சௌக்கியம். உன் சௌக்கியத்துக்கு ரங்கநாதரிடம் சொல்லியாயிற்று, படுத்தபடியே கேட்டுக்கொண்டார்.

ஹாம்பர்க் ஆபீஸில் உன்னைச் சிகாகோவுக்குக் கூப்பிடுகிறார்கள், போகட்டுமா, வெள்ளிக்கிழமைக்குள் பதில் சொல்லணும் என்று கேட்டிருந்தாய். இவ்வளவு பெரிய ராஜாங்க விஷயத்தை வாழைக்காய் மண்டிக்காரனிடம் விட்டதற்கு நன்றி. உன் அப்பா போனபிறகு உங்களுக்கு நல்லது கெட்டது பார்த்தது நான்தானே. உன் அக்கா ரஞ்சனிக்கு மண்ணச்சநல்லூரில் மாப்பிள்ளை பார்த்தபோது நேரே அவர்கள் வீட்டுக்கா போனேன், எதிரே இஸ்திரிக் கடையிலும் பக்கத்து வீட்டிலும் அல்லவா முதலில் விசாரித்தேன். அதே முறைதான் இதற்கும். அமெரிக்காவுக்கு அக்கம்பக்கம் ஐரோப்பாக்காரர்கள். காந்தி மார்க்கெட்டில் வாழைத்தார்களுக்கு நடுவே உட்கார்ந்து ஜெர்மனி, பிரான்ஸ், ஸ்பெயின் தலையங்கங்களையெல்லாம் போனில் தமிழாக்கிப் படித்தேன். நான் படிக்காத ஐரோப்பியப் பத்திரிகை இனிமேல்தான் அச்சாகவேண்டும்.

அப்பப்பா, என்ன வயிற்றெரிச்சல். அந்த ஜனாதிபதி காலையில் சொன்னதை மாலையில் மாற்றுகிறார் என்கிறார் ஒருத்தர், கூட்டாளி என்றும் பார்க்காமல் வரி போடுகிறார் என்கிறார் இன்னொருத்தர், இப்படி ஒரு தலைமையை நம்பி எப்படித் தூங்குவது என்று இரண்டு பத்தி புலம்புகிறார் மூன்றாமவர். பூரித்துப்போய் எல்லாவற்றையும் உனக்கு அனுப்ப எடுத்துவைத்து, சித்திக்கும் உரக்கப் படித்துக் காட்டினேன். அவள் போனை வாங்கி நான் நிறுத்திய இடத்துக்குக் கீழே படித்தாள். அங்கே, ஆனாலும் அவர்கள் துணையில்லாமல் நமக்கு முடியுமா என்று எழுதியிருக்கிறது. திட்டுறவங்க யாரும் அந்த வாசலை விட்டு நகரக் காணோமே என்றாள். ரஞ்சனிக்கு விசாரிச்சப்போ நல்லதையும் கேட்டுக்கிட்டு வந்தீங்க, இதுல மட்டும் ஏன் பாதியோட நிறுத்துறீங்க என்றாள். திருச்சி ஜில்லாவையே பேசிக் கவிழ்க்கிற நான் காபி டம்ளரைக் கழுவப் போனேன்.

விஷயம் இதுதான் பாப்பா. ஹாம்பர்க்கில் நீ மதியச் சாப்பாட்டு டப்பாவைத் திறக்கும்போது இங்கே எங்களுக்கு மாலைக் காபி. போனைச் சர்க்கரை டப்பாவில் சாய்த்துவைத்து நீ சாப்பிடுவதைப் பார்த்துக்கொண்டே குடிப்போம். கீரையை ஒதுக்காதே என்று சித்தி இங்கிருந்தே அதட்டுவாள். சிகாகோவில் நீ டப்பாவைத் திறக்கும்போது நாங்கள் தூங்கியிருப்போம். எந்தத் தலையங்கமும் இதை எழுதவில்லை. அமெரிக்க வெளியுறவுக் கொள்கையில் எனக்குள்ள ஒரே ஆட்சேபம் இதுதான்.

அதனால் என் விசாரிப்பைக் குப்பையில் போடு. விசா காகிதங்களை விவரம் தெரிந்தவரிடம் காட்டிச் சரிபார், வேலை பிடித்திருந்தால் வெள்ளிக்கிழமை சரியென்று சொல். நீ அங்கே ராத்திரிச் சாப்பாட்டுக்கு உட்காரும்போது இங்கே காலைக் காபி நேரமாம், சித்தி பார்த்துச் சொன்னாள். அந்நேரம் நான் மண்டியில் தார் இறக்கிக்கொண்டிருப்பேன். இப்போதே பழகட்டும், நாளையிலிருந்து அதைக் கணக்குப்பிள்ளை ஜெயக்குமார் பார்த்துக்கொள்வான், சொல்லிவிட்டேன்.

ரஞ்சனி கொடுத்த கம்பளிச் சட்டையை மறந்து வைத்துவிடாதே. பதினான்கு உலகமும் உனக்கு வழிவிடட்டும்.

உன் வரவை எண்ணியிருக்கும்
சித்தப்பா பிச்சை, சித்தி ஆனந்தவள்ளி