பொங்கவிடாத பால்

அன்புள்ள அப்பா,

நடந்ததை நடந்தபடியே எழுதப் போகிறேன், என் மேல் உள்ள தப்பையும் சேர்த்து.

நீங்கள் கவுஞ்சி கிராமத்திலிருந்து ஓட்டிவந்த நான்கு செம்மறிகளும் நலம். நீங்கள் போன மறுமாதமே ஆளுக்கொரு குட்டி போட்டன. ராத்திரி குட்டிகளைப் பிரித்துக் கட்டிவிட்டு, காலையில் அம்மா கறக்கிறாள். நாலும் சேர்ந்து ஒரு செம்பு. நான் வைத்த பெயர்களைக் கேட்டு, "ஆட்டுக்கா வேதத்துப் பேரு வைப்பே?" என்று திட்டினாள். இப்போது அவளே, "ஏ மார்த்தா, கால எடுடி" என்று அதட்டுகிறாள்.

நீங்கள் சமையல் வேலை பார்த்த பள்ளிக்கூடச் சமையற்கட்டில் டின்னிலிருந்து வெட்டிக் கொடுத்த சீஸை நம் வீட்டிலேயே செய்யலாம் என்றீர்களே, அதை நான் தொடங்கினேன். நூலகத்தில் ஒரு புத்தகம் கிடைத்தது. பாலைக் கட்டியாக்கும் உறை மாத்திரை உங்கள் சமையற்கட்டிலிருந்தே வந்தது. சாயங்காலம் பள்ளி விட்டு வந்ததும் பாலை வெதுவெதுப்பாக்கி மாத்திரையைக் கரைத்து ஊற்றினேன். கத்தியால் கீறினால் பிளக்கும்படி கெட்டியாக வேண்டும். நீர்மோர் மாதிரி ஆனது. மறுநாளும் அப்படியே. "பாத்திரத்தைச் சரியாக் கழுவினியா?" என்று அம்மாவிடம் கேட்டுவிட்டேன். அம்மா பாத்திரத்தை எடுத்துப்போய் மறுபடி தேய்த்தாள்.

கறிக்கடை சவரிமுத்து மாமா வந்தார். "செம்மறிப் பாலு குட்டிக்கு, கறி நமக்கு. இதப் போயி கறந்துக்கிட்டு கெடக்கியே தங்கச்சி" என்றார். அம்மாவுக்கும் தழை ஒடித்து ஒடித்துத் தோள் விட்டுப்போயிருந்தது. "சனிக்கெழமைக்குள்ள பாலு கட்டியாச்சுன்னா பாப்போம். இல்லன்னா ஞாயித்துக்கெழமை பூசை முடிஞ்சதும் நாலையும் ஓட்டிட்டுப் போங்கண்ணே" என்றாள்.

சனிக்கிழமை பள்ளி இல்லை. வெள்ளனே எழுந்து அடுப்படிக்குப் போனேன். அம்மா அப்போதுதான் பாலை அடுப்பில் வைத்து, பொங்குவதற்காகக் கரண்டியோடு காத்து நின்றாள்.

"அம்மா, இறக்கு. தினமுமா காய்ச்சுனே?"

"பின்ன? பால் வந்தா பொங்க வைக்காம பச்சையாவா வைப்பாங்க?"

கொதித்த பாலில் உறை சரியாகப் பிடிக்காது என்று என் புத்தகத்தில் இருந்தது. படித்தேன், அம்மாவிடம் சொல்லவில்லை. அதுதான் என் தப்பு.

ஆனால் அம்மா இறக்கவில்லை. "அப்பா காய்ச்சல்ல கெடந்தப்ப, குடிக்கிற தண்ணியக்கூட கொதிக்க வைக்கலியான்னு டாக்டர் கேட்டாரு. நான் முழிச்சேன். இனி இந்த வீட்டுல எதையும் பச்சையா உள்ள விடமாட்டேன்" என்றாள். ஆடே போனாலும் போகட்டும் என்றாள்.

உங்களைக் கொண்டுபோன காய்ச்சல் தண்ணீரால்தான் வந்ததா, அப்பா? யாருக்குத் தெரியும்? அம்மா அதை இத்தனை நாள் தனியாகச் சுமந்திருக்கிறாள்.

புத்தகத்தைப் புரட்டினேன். கொதிக்க விடாமல், அரை மணி நேரம் அறுபத்து மூன்று டிகிரிச் சூட்டில் வைத்தாலும் கிருமி சாகும் என்று இருந்தது. அம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். பால் பொங்குமுன் விறகை வெளியே இழுத்துவிட்டு, "இன்னொரு தரம் வாசி" என்றாள். வாசித்தேன். சயின்ஸ் டீச்சர் இரவல் கொடுத்திருந்த தெர்மாமீட்டரை அவள் கையிலேயே கொடுத்தேன். அரை மணி நேரமும் கண்ணை எடுக்கவில்லை. "அறுபத்தஞ்சு தாண்டுது, வெறக இழு வெரசா" என்று என்னைத்தான் விரட்டினாள். ஆறவைத்து உறை ஊற்றினோம். ஒரு மணி நேரம் கழித்துக் கத்தியை வைத்தேன். பிளந்தது. அம்மா விரலால் தொட்டுப் பார்த்துவிட்டு முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள்.

துணியில் கட்டி, அம்மிக் குழவியைப் பாரம் வைத்தோம். ஞாயிறு மாமா கயிற்றோடு வந்தபோது அம்மா ஒரு துண்டை நீட்டினாள். மென்றார். "உப்புப் பத்தல."

"உப்பு போட்டுக்கலாம். ஆடு விக்கிறதா இல்லண்ணே."

அப்பா, இனி படித்ததை அம்மாவிடம் சொல்லாமல் எந்தப் பாலையும் அடுப்பில் ஏற்ற மாட்டேன். இது சத்தியம். தெர்மாமீட்டரை அவள் திருப்பித் தருவதாக இல்லை, தலையணைக்கு அடியில் வைத்திருக்கிறாள். திங்கட்கிழமை டீச்சரிடம் என்ன சொல்ல? அம்மா லைட்டை அணைத்துவிட்டாள்.

மார்த்தாவிடம் உதை வாங்கிய முழங்காலோடு,
உங்கள் மகள் ரெஜினா